காற்றைக் கழித்தபின்

கொப்பியில் பதினெட்டு இருபத்திரண்டு.
கொழும்பில் பத்தொன்பது ஐம்பத்தொன்று.
இடையில் கிடக்கும் ஒன்றரை நிமிசத்தை
ஆவணியிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்,
கட்டிலுக்குக் கீழே தவறவிட்ட
ஒற்றைக் காலுறையைத் தேடுகிற மாதிரி.

பன்னிரண்டரைச் சுற்று.
முன்னால் போனவளுக்குக் கடைசி மணி அடித்தபோது
எனக்கு இன்னும் மூன்று சுற்றுக் கிடந்தது.
என்னைத் தாண்டும்போது
அவளின் பின்னல் நுனி முழங்கையில் பட்டது.
"சொறி" என்றாள்.
மூச்சு வாங்காமல் சொன்னாள்.
அதுதான் வலித்தது.

வயிற்றுக்குத்து என்று வீட்டில் சொன்னேன்.
தடம் சூடு என்று டிலோஜினிக்கு.
ரயிலில் நித்திரை இல்லை என்று
கேட்காத ஆட்களுக்கும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை.
ஊரார் ரத்தத்தில் சீனி எவ்வளவு என்று
எழுதிக் கொடுப்பவள்.
நூற்று நாற்பத்தொன்றை நூற்று நாற்பது என்று
ஒருநாளும் எழுதியதில்லை,
கெஞ்சிக் கேட்டவர்களுக்கும்கூட.
அதே கைதான்
இந்தக் கொப்பியையும் எழுதியது.

பொய் இல்லை. ஓடிய நேரம்தான்.
எந்தப் பக்கமாக ஓடினேன் என்பதை மட்டும்
எழுதாமல் விட்டேன்.

வைகாசியில் சோளகம் எழும்பியது.
பண்ணைப் பாலத்தில் நேரே முகத்தில் அறைந்தது.
கண்ணுக்குள் உப்பு, பல்லுக்குள் மணல்.
மூன்று நாள் பொறுத்தேன்.
நாலாம் நாள் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறி
வேலணைப் பக்கம் இறங்கி
காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஓடிவந்தேன்.
ஆ, என்ன ஓட்டம் அது!
சேர்ட் புடைத்துக்கொண்டு முன்னால் போனது,
நான் அதற்குப் பின்னால்.
மறுநாளும் அப்படி. ஆனி முழுக்க அப்படி.
"போகக் காசு, வர இலவசம்" என்று
டிக்கெட் கிழித்தபடி கொண்டக்டர் சிரிப்பான்.
நானும் சிரிப்பேன்.

மைதானத்தில் அது நடக்காது.
ஒரு பக்கம் தள்ளிய காற்று
மறுபக்கம் வந்து மறிக்கும்.
வட்டத்துக்குக் கடன் கொடுத்துப் பழக்கமில்லை,
நூறு மீற்றருக்குள் வசூலித்துவிடும்.

இன்று ஐப்பசி பத்தொன்பது.
கிட்டடியில் போட்டி எதுவும் இல்லை.
பழைய சப்பாத்துக்குப் புது நாடா கோத்து
கடிகாரத்தைக் கழற்றிக்
குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு
வெளிக்கிட்டேன்.

பாலத்தில் ஏறினால்
முதுகில் யாரோ தள்ளுகிறார்கள்.
வாடை.
காற்று கட்சி மாறிவிட்டது.
வைகாசியில் துரத்திய அதே பாதை
இப்போது வா வா என்கிறது.
மண்டைதீவுச் சந்தி கழிந்ததே தெரியவில்லை.
களங்கட்டிக் கம்புகளில் நீர்க்காகங்கள்
சிறகை விரித்து, அசையாமல்.
வேலணைக் கரையில் நின்று திரும்பினேன்.
நகரம் தூரத்தில்,
ஒரு தண்ணீர்த் தாங்கியும்
இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகளுமாய்.

பஸ் வந்தது. அதே பஸ்.
மிதிபலகையில் தொங்கியபடி அதே கொண்டக்டர்:
"என்ன, இந்தமுறை வரத்தானோ காசு?"

மறைக்க என்ன இருக்கிறது,
வலது கால் பாதி ஏறியும் விட்டது.

"நீங்கள் போங்கோ."

டீசல் புகை வாடையோடு
என் முகத்துக்கே திரும்பி வந்தது.
அதற்குப் பிறகு நடந்ததை
ஓட்டம் என்று சொல்ல முடியாது.
மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று பின்னால் வந்தது.
எழும்பி நின்று மிதித்தார் அந்த மனுசன்,
என்னைத் தாண்ட முடியவில்லை.
கொஞ்சத் தூரம் பக்கத்துப் பக்கமாய்,
தலையைக் குனிந்துகொண்டு,
ஒரு வார்த்தை பேசாமல் போனோம்.
பெட்டியிலிருந்து தண்ணீர்
ரோட்டில் சொட்டிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்து கொப்பியில் புதுப் பக்கம்.
திகதி எழுதினேன்.
நேரம்: பார்க்கவில்லை.
காற்று: போக உதவி, வர எதிர்.
தூரம் என்ற இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது.

பாலம். இரண்டு தரம்.